காய்ச்சல்காரர் வீட்டுக் காய்ச்சல்

“நன்றின்னு ஒரு வார்த்தை நான் ஒரே ஒருத்தருக்குத்தான் சொல்லுவேன். அவரு காலையில அந்த மலைக்குப் பின்னாடியிருந்து வருவாரு, சாயங்காலம் இந்த மலைக்குப் பின்னாடி போயிடுவாரு. மத்தபடி இந்த ஊர்ல எவனும் எனக்கு ஒன்னும் கிழிக்கல!”

ஏணியின் மேற்படியில் ஒரு காலும் தகரக் கூரையின் விளிம்பில் ஒரு காலுமாக நின்றபடி, கையில் ஒரு பிடி உலர்ந்த திராட்சையுடன், போன வருஷம் அவர் தெருவுக்கு விடுத்த அறிவிப்பு இது. ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி. பிடியை விட்டால் ஏணியும் அறிவிப்பும் சேர்ந்து இறங்கிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் ‘எவனும்’ என்ற சொல்லில் மனைவி அடங்கமாட்டார் என்று அவர் கருதியிருக்கலாம். இலக்கணப்படி அது சரியும்கூட.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. ஊருக்கு அவர் காய்ச்சல்காரர். பள்ளத்தாக்குத் தோட்டங்களில் விளையும் திராட்சையை உலர்த்திக் கொடுப்பது தொழில். வீட்டுக்குப் பின்னால் பெரிய களம். களம் முழுக்க மரத்தட்டு, தட்டு முழுக்கப் பழம், பழம் முழுக்க வெயில். பழம் பதமாகக் காய்ந்துவிட்டால் அந்தத் தொழிலில் ‘காய்ச்சல் வந்துடுச்சு’ என்பார்கள். உடம்புக்கு வருவதற்கும் அதே பெயராக இருப்பது தமிழின் பிழை. அதற்கு அவர் பொறுப்பேற்பதில்லை.

தெருமுனைக்குப் புதிதாகக் குடிவந்த டாக்டர், அக்கம்பக்கத்தாரிடம் முகம் காட்டிவைப்போம் என்று முதல் நாள் காலையில் கிளம்பி, முதலில் இவரிடம்தான் மாட்டினார்.

“எப்படி இருக்கீங்க?”

“காய்ச்சல் பிரமாதம் டாக்டர்! நேத்துலேருந்து ஒரே சீரா அடிக்குது. இப்படியே ஒரு வாரம் இருந்தா நான் பொழைச்சுக்குவேன்.”

டாக்டர் நடுத்தெருவிலேயே அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். விளக்கம் சொல்லி விடுவிக்க எதிர்வீட்டுத் தையல்காரர் எழுந்து வர வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, அந்த வீட்டிலிருந்து காய்ச்சல் என்று யார் சொன்னாலும் டாக்டர் புன்னகை செய்வார், “சந்தோஷம்” என்பார், நடையைக் கட்டுவார். கற்றுக்கொள்வதில் வேகமானவர்.

காய்ச்சல்காரர் பழத்தைச் சோதிக்கும் விதம் தனி. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்குவார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு விரல்களை விரிப்பார். பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக உதிர்ந்தால் காய்ச்சல் வந்துவிட்டது. ஒட்டிக்கொண்டால், “இன்னும் சொந்தபந்தம் விடல” என்று தட்டிலேயே போட்டுவிடுவார். பருவத்தில் முதல் தட்டு தேறியதும் அதிலிருந்து முதல் பிடி கூரைக்குப் போகும். தகரத்தின் மேல் அதைப் பரப்பி, சூரியனைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டுவார். நன்றி நவிலல் அத்துடன் முடிந்தது. ஏணியை எடுத்த மறு நிமிஷம் காகங்கள் வந்துவிடும்.

“பார்த்தியா, அவரு வாங்கிக்கிட்டாரு” என்பார்.

“ஆமா, ரெக்கையோட வந்து வாங்கிக்கிட்டாரு” என்பார் மனைவி.

இந்த வருஷம் அந்த ‘அவர்’ சரியாகவே வேலைக்கு வரவில்லை. கோடை முழுவதும் வானம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. நாளுக்கொரு மேகம், பொழுதுக்கொரு மூட்டம். பழம் பாதி காய்ந்தும் பாதி காயாமலும் கிடந்தது. பல தோட்டக்காரர்களின் ஒரு வருஷ உழைப்பு அது. அப்படியே மழைக்காலம் வந்துவிட்டால் களம் முழுக்கப் பூஞ்சைதான். காய்ச்சல்காரர் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்து, “என்ன, உடம்பு சரியில்லையா?” என்று கேட்க ஆரம்பித்தார். குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம்.

கோடையின் கடைசி வாரத்தில் சூரியனுக்கு உடம்பு தேறிவிட்டது. இரண்டு மலைகளுக்கும் அப்பாலிருந்து வரும் ஈரக்காற்று எங்கேயோ தங்கிவிட, பள்ளத்தாக்கு அடுப்பில் வைத்த வெறும் வாணலி ஆயிற்று. தார்ச் சாலையில் செருப்பு ஒட்டியது. நாய்கள் வண்டிகளுக்கு அடியில் படுத்து, வண்டி கிளம்பினால் அடுத்த வண்டிக்குக் குடிபெயர்ந்தன. பிற்பகலில் யாரும் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று வானொலி கெஞ்சியது. ஊரே உஸ் என்று உட்கார்ந்துவிட்டது. காய்ச்சல்காரர் மட்டும், பெண் வீட்டுக்குச் சம்பந்தி வந்ததுபோல, களத்துக்கும் வீட்டுக்குமாகப் பறந்துகொண்டிருந்தார்.

வெயிலை அவர் சும்மா ரசிக்கிறவர் அல்ல. அதன் நற்செயல்களை ஊருக்கு எடுத்துச் சொல்வார். துவைத்த வேட்டி கொடியின் கடைசி நுனிக்குப் போவதற்குள் முதல் நுனி காய்ந்துவிட்டதை நின்று காட்டுவார். மழைக்காலத்தில் உப்பிப்போய்த் திறக்க மறுத்த மேஜை இழுப்பறை, மரம் வற்றி, தொட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே, திருடு போனதாக மனைவி முடிவு கட்டியிருந்த கத்தரிக்கோல் கிடந்தது.

“யாரு கண்டுபிடிச்சுக் கொடுத்தா? போலீசா?” என்றார் அவர், மேலே விரலைக் காட்டி.

“உள்ள வெச்சது யாருன்னும் அவரையே கேளுங்க” என்றார் மனைவி.

உச்சிவெயிலில் களத்தின் நடுவே நிற்பார். தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். குடையைக் கண்டால் சிரிப்பார். நிழலில் ஒதுங்குகிறவர்களைப் பார்த்து, “நிழல்ங்கிறது வெயில் போடற பிச்சை. எனக்கு எதுக்கு?” என்பார். மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினால், “அந்த வரிசையப் புரட்டிட்டுக் குடிக்கிறேன்” என்பார். அந்த வரிசை முடிந்தால் இந்த வரிசை. சொம்புத் தண்ணீர் வெந்நீராகித் திரும்பிப் போகும்.

இவருக்கு ஓர் எதிரி உண்டு. கிழக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் ஐஸ் கிடங்கு நடத்தும் ஐஸ்காரம்மா. பெரிய பெரிய ஐஸ் பாளங்களை மரத்தூளில் புதைத்து, சாக்கு போர்த்தி, தார்ப்பாய் மூடி வைத்திருப்பார். மீன் கடை, பழக்கடை, கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் போகவேண்டும். எவ்வளவு மூடினாலும் ஐஸ் உருகாமல் இருக்குமா? உருகிய தண்ணீர் சுவரின் அடியில் கசிந்து களத்துக்குள் எட்டிப் பார்க்கும். உலர்களத்துக்குள் ஈரம் வருவது, பாயசத்துக்குள் பல்லி விழுவதற்குச் சமம். சுவரோரம் முழுக்க மண்ணைக் குழைத்து வரப்பு கட்டி, தினமும் குனிந்து தடவிப் பார்த்து, அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

“இந்தாம்மா! உங்க தண்ணி எங்க எல்லைக்குள்ள வருது!”

சுவருக்கு மேலே ஐஸ்காரம்மாவின் முகம் தெரியும். கையில் ஐஸ் கவ்வும் இரும்புக் கொக்கி.

“உங்க வெயிலு எங்க கிடங்குக்குள்ள வருதே, அதை நான் கேட்டனா அண்ணே? முதல்ல அதைக் கட்டி வைங்க, அப்புறம் என் தண்ணியக் கட்டி வைக்கிறேன்.”

“ஐஸ்ங்கிறது என்ன? தண்ணிக்குப் பிடிச்ச திமிரு. கொஞ்ச நேரம் வெளியில வெச்சா இறங்கிடும்!”

“பழத்துல தண்ணியிருந்தா உங்களுக்கு ஆகாது. ஐஸு தண்ணியானா எனக்கு ஆகாது. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான் அண்ணே, போங்க” என்று முகம் இறங்கிவிடும்.

இதற்கு ஒரு நல்ல பதிலாக யோசித்து வைக்க அவர் எண்ணியிருந்தார். வெயில் அவருக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை.

வாரத்தின் கடைசிப் பகுதி. பழம் கிட்டத்தட்டத் தேறிவிட்டது. மேற்கு வரிசையை மட்டும் ஒருமுறை புரட்டி, இன்னும் கொஞ்சம் வெயில் காட்டினால் போதும். மத்தியானம் ஒரு தட்டைத் தூக்கியவர், அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார். பிறகு தட்டைப் பத்திரமாகக் கீழே வைத்தார். பிறகு, அதே பத்திரத்தோடு, தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

மனைவி ஓடிவந்து நெற்றியைத் தொட்டார். தகரக் கூரையைத் தொட்டதுபோல் இருந்தது. உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கண் பாதி திறந்திருந்தது. வாய், “சொந்தபந்தம் விடல... இன்னும் விடல...” என்று முணுமுணுத்தது.

அந்த அம்மாள் தெருவுக்கு ஓடினார்.

“அண்ணே! அவருக்குக் காய்ச்சல் வந்துடுச்சு அண்ணே!”

தையல்காரர் மிஷினை நிறுத்தாமலே கையைத் தூக்கி வாழ்த்தினார். “அப்பாடா! நல்ல சேதி சொன்னீங்க தங்கச்சி. இந்த வெயிலுக்கு வராம இருக்குமா? எனக்கு ஒரு பிடி எடுத்து வைங்க.”

உள்ளே ஓடி, கைபேசியை எடுத்து டாக்டருக்குப் போன் போட்டார்.

“டாக்டர், எங்க வீட்டுல காய்ச்சல். ரொம்ப ஜாஸ்தியா இருக்கு!”

“சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம்” என்றார் டாக்டர். முன்பே சொன்னேனே, கற்றுக்கொள்வதில் வேகமானவர். போனை வைத்துவிட்டார்.

கடைசியில் மகளுக்கு. மகள் வெளியூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். காலையிலிருந்து இரவு வரை காய்ச்சல் மாத்திரை கிழித்துக் கொடுக்கிறவள்.

“அம்மாடி, அப்பாவுக்குக் காய்ச்சல்டி!”

“ஐயோ, நிஜமாவா அம்மா! நான் வேண்டிக்காத நாள் இல்ல. எல்லாத் தட்டுக்குமா?” என்று அங்கே ஒரு குரல் துள்ளியது. வாடிக்கையாளர் யாரோ அவசரப்படுத்தியிருக்க வேண்டும். “சாயங்காலம் பேசறேம்மா, அப்பாவுக்கு என் முத்தம் கொடு” என்று போன் நின்றுவிட்டது.

ஜுரம் என்று ஒரு சொல் இருக்கிறது. மற்ற வீடுகளில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆனால் முப்பது வருஷமாகக் களத்தில் வருவதும் காய்ச்சல், களத்துக்குப் பயந்து உடம்புக்கு வராமலே இருந்ததும் காய்ச்சல் என்று வாழ்ந்த வீட்டில், அந்தச் சொல்லுக்கு வேலையே இருந்ததில்லை. அந்த அம்மாள் களத்தின் நடுவில் வந்து நின்று, யாரை நோக்கி என்றில்லாமல், “காய்ச்சல் வந்துடுச்சே! காய்ச்சல் வந்துடுச்சே!” என்று கத்தினார். பள்ளத்தாக்கிலேயே மிக மகிழ்ச்சியான செய்தியை ஒருவர் அழுதுகொண்டே சொன்னது அன்றுதான்.

சுவருக்கு மேலே முகம் தெரிந்தது.

“ஏன் தங்கச்சி கத்துறீங்க?”

“அவருக்குக் காய்ச்சல் அக்கா...”

“அதான் கேக்கறேன். பழத்துக்கு வந்திருந்தா அண்ணன் இல்ல கத்தியிருப்பாரு? நீங்க எதுக்குக் கத்துறீங்க?” என்ற ஐஸ்காரம்மா, எட்டிப் பார்த்தார். தட்டுக்குப் பக்கத்தில் தட்டைப்போலவே கிடந்தவரைப் பார்த்தார். அடுத்த கணம் முகம் மறைந்தது. “ஏய், அந்தப் பெரிய பாளத்தை உடைங்கடா!” என்ற குரல் மட்டும் வந்தது.

ஐஸ் சுமக்கும் ஆட்கள் இருவர் காய்ச்சல்காரரை ஒரு கட்டிலில் கிடத்தி, கட்டிலோடு தூக்கினார்கள். அந்தப் பக்கத்திலேயே குளிர்ந்த இடம் எதுவோ அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அது ஐஸ் கிடங்கு. முப்பது வருஷமாக அவர் காலெடுத்து வைக்காத எதிரி நாடு. ஈரச் சாக்கில் ஐஸ் துண்டுகளைச் சுற்றி அக்குளிலும் கழுத்திலும் காலிலும் வைத்தார்கள். குளிர் பட்டதும் அவர் முகம் சுளித்தார். நினைவு திரும்புவதற்கு முதல் அடையாளம் அது.

“திமிரு பிடிச்ச தண்ணிதான் அண்ணே” என்றார் ஐஸ்காரம்மா, சாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே. “உங்க மேல பட்டாலாவது இறங்குதான்னு பார்ப்போம்.”

பிறகு மனைவியின் கையிலிருந்த போனை வாங்கினார். “டாக்டர், ஜுரம். பழத்துக்கு இல்ல. ஆளுக்கு.”

டாக்டர் செருப்பில்லாமல் அந்தத் தார்ச் சாலையில் ஓடிவந்தார். பாவம், பிராயச்சித்தம் உடனே கிடைத்துவிட்டது. வெயில் தாக்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம், நல்ல வேளையாக ஐஸ் வைத்தீர்கள் என்றார். காய்ச்சல்காரர் கண்ணைத் திறந்ததும் குனிந்து, “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“மேல காஞ்சிடுச்சு டாக்டர்” என்றார் அவர், மெல்லிய குரலில். “அடிப்பக்கம்தான் இன்னும் பச்சையா இருக்கு. ஒருதரம் புரட்டிப் போடணும்.”

டாக்டர் ஒரு கணம் அவரைப் புரட்டிப் போடவே எத்தனித்தார்.

அப்போதுதான் இருட்டியது. அத்தனை நாளும் துடைத்து வைத்ததுபோல் இருந்த வானத்தில், மேற்கு மலைக்கு மேலே கறுப்பாக ஒன்று தலைநீட்டியது. புழுதிக்காற்று கிளம்பித் தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது. ஓசையைக் கேட்டதும் காய்ச்சல்காரர் ஐஸ் சாக்குகளை உதறிவிட்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார்.

“என் பழம்...”

“படுங்க அண்ணே.”

“நனைஞ்சா அவ்வளவும் போச்சும்மா! ஊரான் வீட்டுப் பழம்...”

“படுங்கன்னா படுங்க! தட்டுக்கு நாங்க இருக்கோம்.”

ஐஸ் பாளங்களின் மேலிருந்த தார்ப்பாய்களை ஐஸ்காரம்மா தன் கையாலேயே உருவினார். ஊரில் ஐஸுக்கு விலையேறிக் கிடக்கும் நேரம், கொதிக்கிற காற்று வேறு. பாளங்கள் அம்மணமாக நின்று சொட்ட ஆரம்பித்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தூள் உதிர உதிர தார்ப்பாய்கள் சுவரைத் தாண்டிப் போயின.

காய்ச்சல்காரர் கட்டிலில் கிடந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க அங்கே சுவர்தான் இருந்தது. ஆனால் காது இருந்ததே. தட்டின் மேல் தட்டு உட்காரும் ‘டொக்’ அவருக்குத் தாயின் குரல் மாதிரி. அது யார் கை என்றும் தெரிந்தது. ‘டொக், டொக்’ என்று அவசரமாக வந்தது சுமைக்காரர்கள். இழுத்து இழுத்து வந்தது தையல்காரர், அவருக்கு இடுப்பு வலி. ஓசையே இல்லாமல் மெத்தென்று வந்தது மனைவி. நடுவில் ஒரு தட்டு மட்டும் தடுமாறி, எங்கோ இடித்து, “சாரி, சாரி” என்று சொல்லிக்கொண்டே போனது. அது டாக்டர்.

அவர் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தார். ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. பழக்கமில்லாத வாய். திறந்தார். பலம் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு, சுவருக்கு அப்பால் கேட்கும்படி, “தட்டைக் குறுக்கால அடுக்காதீங்கய்யா!” என்றார்.

“அண்ணன் பொழைச்சுக்கிட்டாரு!” என்று அங்கிருந்து தையல்காரரின் குரல் வந்தது. பெரிய சிரிப்பும் வந்தது.

மழை நாலு துளி போட்டது. பிறகு, வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளியைப்போல, முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையேறிப் போய்விட்டது. சாயங்காலமே வானம் மறுபடி வெளுத்தது. ஒரு பழமும் நனையவில்லை. இந்தப்பக்கம் ஐஸ் உருகிய தண்ணீர்தான் கிடங்கெல்லாம் ஓடி, சுவரோரம் அவர் கட்டிய வரப்பில் முட்டி, திரும்பி ஐஸ்காரம்மாவின் வாசலிலேயே குளமாக நின்றது. கட்டிலிலிருந்து அவர் அதையும் பார்த்தார். வரப்பு உறுதியாகத்தான் இருந்தது. அவருடைய வேலையில் என்றுமே குறை சொல்ல முடியாது.

அடுத்து வந்த நாட்களில் அவரை வெளியே விடவில்லை. தகவலைச் சரியாகப் புரிந்துகொண்ட மகள், முதல் பஸ்ஸில் வந்திறங்கி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவரைத் தாண்டவிடாமல் மறித்துக்கொண்டு, “முத்தம் கொடுத்தாளா அம்மா?” என்று கேட்டு, சிரித்து, அழுது, மறுபடி மறித்தாள். தட்டுகளைச் சுமைக்காரர்கள் விரித்தார்கள், மனைவி புரட்டினார், வெயில் தன் வேலையைச் செய்தது. ஜன்னல் வழியாக அவர் உத்தரவுகள் பிறப்பித்துக்கொண்டே இருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இதுதான் அவருக்கு ஜுரத்தைவிடப் பெரிய அதிர்ச்சி.

கடைசியில் ஒரு காலை, டாக்டர் அனுமதித்த இளவெயிலில், களத்துக்கு வந்தார். மேற்கு வரிசைத் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தார். இறுக்கினார். கண்ணை மூடினார். விரல்களை விரித்தார். பழங்கள் ஒன்றையொன்று அறியாதவைபோல உருண்டன. தேன் நிறம். முழுக் கோடையும் ஏமாற்றிய பழம், ஒரே வாரத்தில் இப்படித் திரண்டு வந்திருந்தது.

“வந்துடுச்சு” என்றார். இந்த முறை கத்தவில்லை.

மனைவி வழக்கம்போல ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து கூரையில் சாய்த்தார். பிடித்துக்கொண்டு நின்றார். தகரத்தின் மேல் காகங்கள் வரிசையாக உட்கார்ந்து, தாமதத்துக்குக் காரணம் கேட்டன.

அவர் ஏணியைப் பார்த்தார். மேலே பார்த்தார்.

“வேணாம். மேல ரொம்ப வெயிலா இருக்கு” என்றார்.

முப்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படியொரு வாக்கியம் வந்ததில்லை. மனைவி ஏணியை விட்டுவிட்டார். அது தன்பாட்டில் நின்றது.

அவர் கிழக்குச் சுவருக்கு நடந்தார். போகிற வழியில் வரப்பை ஒரு மிதி மிதித்தார். அந்த இடத்தில் மண் உடைந்து, ஒரு சின்ன வாய்க்கால் திறந்துகொண்டது. தட்டுகள் இல்லாத மூலைப்பக்கமாகத் தண்ணீர் மெல்ல வர ஆரம்பித்தது. அதைப் பார்க்காதவர்போல நகர்ந்து, அந்தப் பிடித் திராட்சையைச் சுவரின் மேல், ஐஸ்காரம்மா தன் கொக்கியை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கூரையிலிருந்து ஒரு காகம் உடனே இறங்கியது.

“ச்சூ! உனக்கு இல்ல” என்று விரட்டிவிட்டு, தலையிலிருந்த துண்டை அவிழ்த்து, பழத்தின் மேல் நாலு பக்கமும் ஒதுக்கி மூடினார். வெறுந்தலையோடு நிழலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.